துடைத்துவிட்டுத் தொடங்கு

திங்கட்கிழமை விழுந்த முன்பல் புதன்கிழமை காலை வாலுவின் வாயில் இருந்தது.

மகள் பல் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து "ஈ" என்று இளித்தபோதுதான் அம்மா கவனித்தாள். மேல் வரிசை, நடுவில், இடப்பக்கம். திங்கட்கிழமை மாலை ஆப்பிள் துண்டைக் கடித்ததும் கழன்று, ரத்தமும் கண்ணீரும் பெருமையுமாக உள்ளங்கையில் ஏந்திக் காட்டப்பட்ட அதே பல்லின் இடம். நேற்றுக் காலை பள்ளிக்குக் கிளம்பும்வரை அந்த ஓட்டையில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டும், பேசும்போது காற்று புஸ்ஸென்று போவதைக் கேட்டுத் தானே சிரித்துக்கொண்டும் இருந்தாள் வாலு. இப்போது அங்கே ஓட்டை இல்லை.

"வாயத் திற."

"ஆ."

விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆடவில்லை. புதுப் பல் என்றால் ஈறிலிருந்து மெல்ல எட்டிப் பார்க்க வேண்டும். இது முழுசாக இறங்கிய பால்பல். மூலையில் கடுகளவு உடைந்திருந்தது. மூன்று வயதில் குளியல் தொட்டியின் விளிம்பில் மோதி உடைந்த மூலை அது.

ஈரக் கையோடு சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜின் மேலிருந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். பஞ்சின் மேல் பல் பத்திரமாக இருந்தது. அதன் மூலையும் உடைந்திருந்தது.

"அடுத்த பல்லு அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றான் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "அம்மா மாதிரியே. டெட்லைன் வச்சு முளைக்குது."

"இது அடுத்த பல்லு இல்லங்க. அதே பல்லு."

"அதே பல்லுன்னா பெட்டிக்குள்ள இருக்கறது யாரோடது?"

 அவன் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து லென்ஸ் தேய்த்துக் கொடுப்பான். எதையும் சிரித்துக் கடத்திவிடுகிற சுபாவம், அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். விழுந்தது பக்கத்துப் பல்லாக இருக்கும், நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவனே முடிவு கட்டினான். எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவளும் அதை ஒப்புக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது சின்ன நிறுவனம். அதற்குச் சோறு போட்டது ஒரே ஒரு இணையதளம்: ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் பதிவுத் தளம். பெற்றோர் அதில் பிள்ளைகளைப் பதிவு செய்வார்கள், டாக்டர்கள் அதைப் பார்த்துத் தடுப்பூசித் தேதியும் மருந்தின் அளவும் சொல்வார்கள். தளத்தில் ஒரு பொத்தானை மாற்றினால்கூட, முன்பெல்லாம் யாராவது உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் கையால் தட்டித் தட்டிச் சரிபார்த்து, பிறகு சர்வரில் ஏற்றுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பக்கத்தை விட்டுவிட, மருந்தளவில் புள்ளி ஒரு இடம் தள்ளி வெளியே போய்விட்டது. ஒரு நர்ஸ் கண்ணில் பட்டதால் தப்பித்தார்கள். "இனிமே மனுஷங்க கையே படக்கூடாதும்மா," என்று மேலாளர் அந்தப் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்.

மூன்று வாரத்தில் செய்து முடித்தாள், பைப்லைன் என்று அதற்குப் பெயர். இனி யார் எந்த மாற்றத்தை அனுப்பினாலும் மெஷின் தானே எடுத்துக்கொள்ளும், தானே சோதிக்கும், எல்லாம் பச்சை என்றால் தானே ஏற்றிவிடும். ஒன்று தவறிச் சிவப்பானாலும் அப்படியே நிறுத்திவைக்கும். அனுப்பியவரே அதைச் சரிசெய்யும்வரை வேறு எவருடைய மாற்றமும் உள்ளே போக முடியாது, மேலாளருடையதாக இருந்தாலும். அப்படி ஒரு பூட்டைப் போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சோதிக்க ஒரு குழந்தை வேண்டும். மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு குழந்தையைப் பதிவு செய்து பார்த்தால்தான் தளம் வேலை செய்கிறதா என்று தெரியும். கற்பனைப் பெயர் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் அந்தப் பதிவுப் படிவத்தைக் கறாராக எழுதியவளும் அவள்தான். வயதுக்கு எடை பொருந்தவில்லை, புகைப்படத்தில் முகம் இல்லை என்று அவளுடைய படிவமே அவளை மூன்று முறை திருப்பி அனுப்பியது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி. பொறுமை போய், வாலுவின் விவரத்தையே போட்டுவிட்டாள். பெயர், பிறந்த தேதி, எடை இருபத்தொன்று புள்ளி நான்கு, உயரம் நூற்றுப் பதினெட்டு, ரத்தப் பிரிவு. போனில் இருந்த ஒரு புகைப்படம், நான்கு மாதம் பழையது: தலையில் சிவப்பு கிளிப், இளித்த வாயில் எல்லாப் பல்லும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தத் தொழிலில் அப்புறம் என்று சொல்லி வைக்கிற எதையும் யாரும் மாற்றியதில்லை.

ஒவ்வொரு சோதனை ஓட்டமும் சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தாள். முந்தைய ஓட்டம் விட்டுப்போன குழந்தை இருந்தால் அழித்துவிடு. அதற்குக் கீழே, புதிதாக உருவாக்கு. ஓட்டிப் பார்த்தாள். பச்சை. அன்று வீடு வந்து சேர்ந்தபோது வாலு தூங்கிவிட்டிருந்தாள்.

*

பல்லுக்குப் பிறகு சிவப்பு கிளிப். பூங்காவில் தொலைத்துவிட்டு ஒரு வாரம் அழுத கிளிப், வியாழக்கிழமை சாயங்காலம் வாலுவின் தலையில் இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டால், "எது?" என்றாள். பிறகு முழங்கால். சைக்கிளிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு இருந்த இடத்தில் வழுவழுவென்று தோல். எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினாள். இருபத்தொன்று புள்ளி நான்கு. வயிறு முட்டச் சாப்பிட வைத்து மறுபடி ஏற்றினாள், அதே இருபத்தொன்று புள்ளி நான்கு.

வாசனைதான் அவளை மிகவும் கலக்கியது. விளையாடிவிட்டு வருகிற பிள்ளையின் உச்சந்தலையில் வெயிலும் வியர்வையும் பென்சில் தூளும் கலந்து ஒரு வாசனை இருக்கும், பெற்றவளுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். வேலைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு நாளும் அதை ஒரு மூச்சு இழுத்தால்தான் அவளுக்கு நாள் முடிந்ததாக அர்த்தம். இப்போது வாலுவின் தலையில் முகத்தைப் புதைத்தால் எந்த வாசனையும் இல்லை. சோப்பு வாசனைகூட இல்லை.

சனியும் ஞாயிறும் கொஞ்சம் தேவலை. வாய் ஓயாமல் பேசவில்லை என்றாலும் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. கணவன் வாலுவைக் கடைக்கு அழைத்துப்போய், உயரமான நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னான். படித்தாள். கடைசி வரிவரை, திக்காமல். அவன் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டான். திரும்பி வந்து கதவருகே செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"இடது கண்ணுல பாயிண்ட் அஞ்சு பவர் இருந்துச்சு. நானே மூணு தடவை பார்த்தேன். இப்போ இல்ல."

"நல்லதுதானே?"

"கண்ணு அப்படித் திரும்பி வராது," என்றான். அவன் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வாலு படியில் தடுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அழுதாள், மருந்து போட்டார்கள், அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்து பார்த்தால் மருந்தும் இல்லை, சிராய்ப்பும் இல்லை.

*

அந்த வாரம் வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேல் இருக்கும். வெளியே யாரோ கம்பளத்தைத் தட்டும் சத்தம், சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம், ஜன்னல் திரையை ஊடுருவி வந்த வெயில் மேசையின் பாதியில் விழுந்திருக்க, அதன் மறுபாதியில் வாலு தலையைக் கவிழ்த்து ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தாள், பென்சில் காகிதத்தில் சரசரக்க, நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க. அந்த நாக்கு நுனியைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒன்றுமில்லை, எல்லாம் என் பிரமை, பிள்ளை பிள்ளையாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தாள்.

மேசையில் போன் அதிர்ந்தது. அலுவலகத்தில் யாரோ மாற்றம் அனுப்பியிருக்கிறார்கள். சோதனை தொடங்கிவிட்டது.

சரசரப்பு நின்றது.

நிமிர்ந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பென்சில் மட்டும் மேசை மேல் உருண்டு வந்தது. விளிம்பைத் தாண்டியது. தரையில் விழுந்தது.

குழாய் ஒரு சொட்டு சொட்டியது. இன்னொரு சொட்டு.

வாலு நாற்காலியில் இருந்தாள்.

முதுகு நேராக. கைகள் தொடை மேல். சிவப்பு கிளிப். நேர் பார்வை. பாதி வரைந்த வீட்டை அவள் குனிந்து பார்க்கவில்லை. யாருடைய காகிதமோ என்பது போல அது அவள் முன்னால் கிடந்தது.

"வாலு?"

"என்னம்மா?"

"எங்க போன?"

"எங்கயும் போகல."

போன் மறுபடி அதிர்ந்தது. பச்சை.

 போனிலேயே மெஷினின் பதிவேட்டைத் திறந்தாள். குழந்தை அழிக்கப்பட்டது, இரண்டு பதினேழு, எட்டாவது விநாடி. குழந்தை உருவாக்கப்பட்டது, இரண்டு பதினேழு, பன்னிரண்டாவது விநாடி. அதற்கு முந்தைய ஓட்டத்திலும் அதே நான்கு விநாடி. அதற்கு முந்தையதிலும். விரல் வலிக்கும்வரை தள்ளிக்கொண்டே போனாள். ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல். பல் திரும்பி வந்த நாளிலிருந்து இன்றுவரை மொத்தம் இருநூற்றுப் பதினான்கு தடவை மெஷின் அவள் மகளைத் துடைத்துவிட்டு, படிவத்தில் இருப்பதை மட்டும் வைத்துத் திரும்பச் செய்திருக்கிறது. படிவத்தில் இல்லாதது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது.

அந்தச் சோதனையை எடுத்துவிட வேண்டும். அதுதான் முதலில் தோன்றியது. வரிகளை அழித்தாள், அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தாள். வைத்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. இதை அனுப்பினால் இதற்கும் ஒரு ஓட்டம் ஓடும். மேலே இருக்கும் வரி, முந்தைய குழந்தையை அழிக்கும். கீழே உருவாக்கச் சொல்லும் வரி இருக்காது. அந்த முதல் வரியை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இன்னொரு வாலு சேர்ந்துகொண்டே போவாள். பெயரை மாற்றினாலோ திரும்பி வருவது வேறு யாரோ: சோதனையில் எது மாறினாலும் பழையது எல்லாவற்றையும் துடைத்த பிறகே மெஷின் புதியதைப் படிக்கும். அப்படித்தான் அமைத்திருந்தாள். யாரும் தாண்ட முடியாதபடி.

விரலை எடுத்துக்கொண்டாள். மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், பைப்லைனைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கணும்."

"என்னம்மா சொல்றீங்க? அடுத்த வாரம் தடுப்பூசி முகாம். தினம் முப்பது மாத்தம் போகுது. நீங்க பண்ணதுலயே உருப்படியானது அதுதான்."

"டெஸ்ட்ல என் பொண்ணோட விவரம் இருக்கு சார்."

"அவ்வளவுதானே? வேற யாரையாவது விட்டு எடுத்துடச் சொல்லவா?"

"வேண்டாம்." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "யாரும் தொட வேண்டாம் சார். நானே பார்த்துக்கறேன்."

வாலு அசையாமல் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

அன்று சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பாமல் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "அப்போ எழுது," என்றான். "படிவத்துல இருக்கறதுதான் திரும்ப வருதுன்னா எல்லாத்தையும் எழுதிடு."

படிவத்தின் கடைசியில், புகைப்படத்துக்குக் கீழே, குறிப்புகள் என்று ஒரு பெட்டி உண்டு. வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து அதில் மகளை எழுதத் தொடங்கினாள். முழங்காலில் தழும்பு, நாலு தையல். தும்மினால் மூன்று தும்மல். இடது கண்ணில் பாயிண்ட் அஞ்சு. வரையும்போது நாக்கு நுனி வெளியே வரும். பொய் சொன்னால் காதைத் தொட்டுக்கொள்வாள். மாடிப்படியைக் கடைசி இரண்டு படி இருக்கும்போது குதித்துத்தான் இறங்குவாள். உச்சந்தலை வாசனையை எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்து, எழுத வராமல் விட்டாள். மதியம்வரை அழக்கூட நேரமில்லாமல் எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டு வரி. கணவன் கடையிலிருந்து போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் குரல் தயங்கியது.

"லைட்டை அணைச்சதும் ஒண்ணு சொல்லுவாளே. தினமும். என்னது அது?"

அவள் யோசித்தாள். இருட்டு அறை, போர்வை, சின்னக் குரல் எல்லாம் நினைவில் இருந்தது. அந்தக் குரல் சொன்னது மட்டும் இல்லை.

"ஞாபகம் இல்லைங்க."

"எனக்கும் இல்ல," என்றான் அவன். 

மூன்று மணிக்கு அனுப்பினாள். பச்சை. அரக்கப் பரக்க வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் வாலு மூன்று முறை தும்மினாள். முழங்காலில் தழும்பு இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டாள். வாலு காதைத் தொட்டாள். நாக்கு நுனியை வெளியே நீட்டினாள். மாடிப்படிக்குப் போய்க் கடைசி இரண்டு படியைக் குதித்தாள். எழுதிய வரிசையில், ஒன்று விடாமல், நூற்றுப் பன்னிரண்டையும் செய்து முடித்தாள். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து மூன்று முறை தும்மினாள்.

கடையிலிருந்து வந்துவிட்ட கணவன் ஜன்னலோரம் திரும்பி நின்றான். "நீ எழுதினதைத்தான் செய்யறா," என்றான். "எழுதாததெல்லாம் எங்க போச்சு?"

*

திங்கட்கிழமை மதியம் மூன்றரைக்குப் பக்கத்து மேசை அக்கா நாற்காலியோடு உருண்டு அவளருகே வந்தார். நிறுவனத்திலேயே மூத்தவர், காத்திருப்பது என்றால் ஆகாது.

"என்ன, இப்படி வாடிப் போயிட்ட? ராத்திரி தூங்கறியா இல்லையா?"

"தூங்கறேன் அக்கா."

"உன் டெஸ்ட் இப்போ பதினொரு நிமிஷம் ஓடுது. நூறு வரிக்கு மேல என்னத்தையோ எழுதி வச்சிருக்க. எல்லாரும் உன்னைத்தான் திட்டறாங்க, தெரியுமா? சரி, பாவம் பொண்ணுன்னு நானே சரி பண்ணிட்டேன். நாலு மெஷின்ல ஒரே நேரத்துல ஓடும். இனி மூணு நிமிஷம்தான்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "நாலு மெஷின்லயும் குழந்தை?"

"நாலுலயும்தான். ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒண்ணு உருவாக்கிக்கும். அப்போதானே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காது?"

"எப்போ அனுப்பப் போறீங்க?"

"அனுப்பிட்டேனே," என்றார் அக்கா, சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டி.

திரையில் நான்கு வட்டங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஒன்று பச்சையானது. இரண்டாவது பச்சையானது. மூன்றாவதும். நான்காவது சுழன்றது, சுழன்றது. சிவப்பாகி நின்றது.

"அட," என்றார் அக்கா, கண்ணைச் சுருக்கிப் படித்தபடி. "போட்டோ கிடைக்கலைன்னு பாதியில நின்னுடுச்சு. நாலாவது மெஷின்ல போட்டோவை வைக்க மறந்துட்டேன். சின்ன விஷயம்."

அவள் எழுந்துவிட்டிருந்தாள். மடிக்கணினி திறந்தபடி கிடந்தது, பை நாற்காலியில் தொங்கியது. போனும் கையுமாகப் படியில் இறங்கி ஓடினாள்.

பஸ்ஸில் போன் அடித்தது. வாலுவோடு இருக்க லீவு போட்டு வீட்டில் இருந்த கணவன்.

"எங்க இருக்க?" அடித்தொண்டையில் பேசினான்.

"வந்துட்டே இருக்கேன்."

அவன் பின்னால் யாரோ மூன்று முறை தும்மினார்கள். உடனே இன்னொரு பக்கத்திலிருந்து மூன்று. கொஞ்சம் தள்ளி இன்னும் மூன்று.

"மூணு பேரு இருக்காங்க," என்றான். மூச்சு வாங்கியது. "நாலாவதா ஒண்ணு, பெட்ரூம்ல இருக்கு. நான் கதவைச் சாத்திட்டேன்."

"சாத்தாதீங்க. பயந்துடுவா."

"நீ பார்க்கல," என்றான் அவன். 

வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. சாயங்கால வெயில் கூடத்துச் சுவரில் நீளமாக விழுந்திருந்தது. சோபாவில் மூன்று வாலுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று சிவப்பு கிளிப். ஆறு கைகள், தொடை மேல். "அம்மா," என்றாள் முதலாமவள். "அம்மா," என்றாள் இரண்டாமவள். மூன்றாமவள் காதைத் தொட்டுக்கொண்டாள். கணவன் படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். எழுந்து வழி விட்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். உள்ளங்கை மரத்தில் தேய்கிற சத்தம். இடுப்பளவு உயரத்தில். மேலே போனது. கீழே வந்தது. பிடியைத் தேடியது.

திறந்தாள்.

உயரம் சரியாக இருந்தது. எடையும் சரியாகத்தான் இருக்கும். அதே பிஞ்சுக் கைகள், அதே மெலிந்த தோள். கழுத்துக்கு மேலே ஒன்றும் எழுதப்படவில்லை. முடி இல்லை. கண் இல்லை. வாய் இல்லை. உள்ளங்கை போல வெறும் தோல்.

அவள் அலறவில்லை. அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். காற்றில் துழாவிய விரல்கள் அவள் தோளைக் கண்டுபிடித்தன. கழுத்தில் ஏறின. கன்னத்துக்கு வந்தன. வெதுவெதுப்பாக இருந்தன. இவளும் என் பிள்ளைதான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவள் வேண்டிக்கொண்டாள். வியாழக்கிழமையிலிருந்து சோதனை ஓடக்கூடாது என்று கும்பிட்டவள், இப்போது ஓடட்டும் என்று வேண்டினாள். சீக்கிரம் ஓடட்டும். இதைத் துடைத்துவிடட்டும். தான் வேண்டிக்கொண்டது என்ன என்பது புரிந்தபோதும் அவள் நிறுத்தவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. அக்கா.

"அந்த போட்டோ சமாசாரம் இன்னைக்கு ஆகாதுடா. சிவப்புலயே நிக்கட்டும், உன் பூட்டுதான் இருக்கே, யாரும் எதுவும் அனுப்ப முடியாது. பேரனைப் பார்க்க ஊருக்குப் போறேன், வியாழக்கிழமை வந்து சரி பண்றேன். நீ நல்லா ரெஸ்ட் எடு."

கூடத்தில் ஒன்பது தும்மல்கள் கேட்டன.

அவள் முன்னால் நின்ற பிள்ளை ஒரு விரலால் அவள் மூக்கைத் தொட்டது. நுனிவரை தடவிப் பார்த்தது. பிறகு அதே விரலைத் தன் பக்கம் கொண்டுபோய், அந்த இடத்தைத் தொட்டது. சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தது. மறுபடி நீட்டி அவள் உதட்டைத் தொட்டது. தன் பக்கம் கொண்டுபோய்த் தேடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் வந்து அவள் இமை மேல் நின்றது.